நெத்திலிக் கை

சாம்பாரில் நெத்திலியைக் கலந்தது நீங்கள்தான், தலைவரே. என் அம்மா இல்லை.

இது உங்களுக்குத் தெரியும். அன்றைக்குக் கோயில் வாசலில் நின்ற தோட்டத்து சனம் அத்தனைக்கும் தெரியும். பூனைகளுக்குக்கூடத் தெரியும். அப்படி இருந்தும் போன மாதம் மலாக்காப் பக்கம் ஜாசினில் ஒரு கல்யாண விருந்தில் மேடையேறி, "எங்க தோட்டத்துல ஒரு பொம்பள அம்மன் சாம்பார்லயே நெத்திலி போட்டுச்சு" என்று சொல்லி மண்டபத்தைச் சிரிக்க வைத்தீர்கள். நான் பின்வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பாதியிலேயே இலையை மூடிவிட்டு எழுந்து வந்தேன். அதனால்தான் எழுதுகிறேன். சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். ஜாசினுக்கு உள்ளே எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால்மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை போட்டிருந்தார்கள். மரம் மாறியதும் பால் வெட்டிய பெண்களில் பாதிப் பேருக்கு வேலை போனது. அம்மாவுக்கும் போனது. அவர் அழுதுகொண்டு உட்காரவில்லை. தோட்டத்து முச்சந்தியில், தொழிற்சாலை பஸ் நிற்கும் இடத்தில், ஒரு மேசையைப் போட்டு நாசி லெமாக் விற்க ஆரம்பித்தார். தேங்காய்ப்பால் சோறு, அவித்த முட்டை, வெள்ளரிக்காய், மேலே நெத்திலிச் சம்பல். நான் அந்த பஸ்ஸில் ஏறித்தான் தொழிற்சாலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பஸ்ஸுக்குள் என்னோடு ஏறிய பெண்கள் எல்லோர் மடியிலும் அம்மாவின் வாழையிலைப் பொட்டலம் இருக்கும்.

சம்பலின் ருசி மிளகாயில் இல்லை. நெத்திலியை ஆய்வதில் இருக்கிறது. இந்த மீன் ஒரு விரல் நீளம்கூட வராது. உடம்பின் பக்கவாட்டில் ஒரு வெள்ளிக் கோடு. கடலில் பிடித்த சூட்டோடு உப்புத் தண்ணீரில் ஒரு கொதி விட்டுக் காயப்போட்டு விடுவார்கள். கடைக்கு வரும்போது கொடிக்கம்பிபோல விறைத்திருக்கும். சோம்பேறிகள் அப்படியே எண்ணெயில் கொட்டுவார்கள். அம்மா ஒவ்வொன்றாக எடுப்பார். கட்டைவிரல் நகத்தால் தலையைக் கிள்ளி, வயிற்றோடு இரண்டாகப் பிளந்து, உள்ளே நூல்போல ஒட்டியிருக்கும் கறுப்புக் குடலை எடுத்துப் போடுவார். அந்தக் குடல்தான் கசப்பு. அதை எடுக்காத சம்பலைத் தின்றால் கடைசி வாயில் தெரியும். வேலை விட்டு வந்ததும் நானும் முறத்துக்கு முன்னால் உட்காருவேன். எனக்குப் பொறுமை இல்லை. நான் ஒரு பிடி ஆய்வதற்குள் அம்மா குவியலையே முடித்திருப்பார்.

வருடம் முழுக்க இந்த வேலை செய்த கையில் வாடை ஏறாமல் இருக்குமா? ஏறியிருந்தது. எலுமிச்சம்பழத் தோலைத் தேய்ப்பார், மஞ்சள் பூசுவார், அப்படியும் விரல் இடுக்கில் லேசாக நெத்திலி இருக்கும். எங்களுக்கு அது அம்மாவின் வாடை. அவ்வளவுதான்.

அந்தச் சம்பலை அதிகம் தின்றவர் யார் தெரியுமா? நீங்கள்தான். அப்போது நீங்கள் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் பெரிய மண்டோர், கோயிலுக்கும் தலைவர். காலையில் மோட்டாரை மேசைக்குப் பக்கத்தில் நிறுத்துவீர்கள். இறங்கக்கூட மாட்டீர்கள்.

"என்னா ஆத்தா, நெத்திலிய எண்ணி எண்ணிப் போடுற? தாராளமா போடு லா."

"போட்டுட்டேங்கய்யா. இன்னும் போட்டா சோத்தக் காணாம போயிரும்."

"காணாம போவட்டும். யாருக்கு வேணும் சோறு?"

இப்படிச் சிரித்துப் பேசி வாங்கித் தின்றவர் நீங்கள்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. காப்புக் கட்டிவிட்டால், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் ஒரு வீட்டிலும் மீன், கறி புழங்கக் கூடாது. சமைக்கக் கூடாது என்பது மட்டும் இல்லை, வீட்டுக்குள் வைத்திருக்கவே கூடாது. அப்படியானால் கருவாட்டை எங்கே வைப்பது? கீழ் லயத்தின் கடைசி வீட்டில் ஒரு கிறிஸ்தவ அக்கா இருந்தார். காப்புக் கட்டும் நாளுக்கு முன்னால் எல்லா வீட்டு நெத்திலி டின்களும் அவர் வீட்டுக்குப் போய்விடும். பிஸ்கட் டின், மைலோ டின், பால்மாவு டின் என்று அவர் அலமாரியில் கூரைவரை அடுக்கியிருக்கும். எது யாருடையது என்று மூடியைத் தட்டியே சொல்லுவார்.

கூடவே இன்னொன்றும் நடக்கும். லயத்துப் பூனைகள் எல்லாம் அவர் வாசலுக்குக் குடிபெயர்ந்துவிடும். மற்ற வீடுகளில் பருப்பும் மோரும்தானே, அங்கே என்ன வேலை? திருவிழா முடியும்வரை அந்தப் படிக்கட்டில் கால் வைக்க இடம் இருக்காது.

"ஒங்க அம்மனுக்கு நீங்க விரதம் இருக்கீங்க. ஒங்க பூனைங்களுக்கு நான் காவல் இருக்கேன். எனக்கு ஏதாச்சும் புண்ணியத்துல பங்கு உண்டா?" என்று அக்கா கேட்பார்.

அம்மாவும் டின்களைக் கொடுத்துவிட்டு மேசையை மூடிவிடுவார். கையை எலுமிச்சையால் தோல் எரியத் தேய்ப்பார். ஏனென்றால் திருவிழா அன்னதானத்துக்குச் சாம்பார் வைப்பது அவர்தான். பால் வெட்டிய காலத்திலிருந்தே அது அவர் வேலை. யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. அம்மாவின் சாம்பாருக்காகவே லூபோக் சீனா ஊரிலிருந்துகூடச் சொந்தக்காரர்கள் பஸ் ஏறி வருவார்கள். வேலை போனபோது கலங்காத அம்மாவுக்கு, தோட்டத்தில் தனக்கென்று இருந்த ஒரே பெருமை அதுதான்.

அந்த வருடம் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தபோது, மலாக்கா டவுனிலிருந்து வந்த உங்கள் விருந்தாளி ஒருவர் இலையிலிருந்து கையை எடுத்தார். அவர் சுத்த சைவம்.

"இதுல மீன் வாடை அடிக்குதே" என்றார்.

பக்கத்து இலைக்காரரும் முகர்ந்தார். பிறகு எல்லோரும் முகர்ந்தார்கள். வாடை இருந்தது உண்மை. நானும் முகர்ந்தேன். எனக்குத் தெரியாத வாடையா அது?

நீங்கள் அடுப்படிக்குப் போகவில்லை. அண்டாவைப் பார்க்கவில்லை. நேரே அம்மாவிடம் வந்தீர்கள்.

"கைய நீட்டு."

அம்மா நீட்டினார். குனிந்து முகர்ந்தீர்கள். அதோடு விட்டீர்களா? உங்கள் கமிட்டி ஆட்களையும் கூப்பிட்டு ஒவ்வொருவராக முகரச் சொன்னீர்கள். சாமி கும்பிட வந்த சனத்துக்கு நடுவில் என் அம்மா பள்ளிக்கூடத்தில் அடி வாங்கப்போகும் பிள்ளைபோலக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். பிறகு மைக்கைப் பிடித்தீர்கள். "நெத்திலிக் கையோட அம்மன் சாம்பாரத் தொட்டுருக்கு இந்தப் பொம்பள. இனிமே கோயில் அடுப்படிக்குள்ள இது கால வைக்கக் கூடாது." ஒலிபெருக்கி செம்பனைக் காடுவரைக்கும் கேட்டது.

அம்மா நீட்டிய கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டார். நான் பேசினேன். "நீங்க தின்ன நெத்திலி ஒங்க வாயில வாடை அடிக்கலயா?" என்று கேட்டேன். வாயாடி என்று என்னை வெளியே தள்ளினார்கள். மறுநாள் டின்களைத் திருப்பி வாங்கப் போனபோது அக்கா ஒன்று சொன்னார்: "நேத்து மத்தியானம் ஒரு பூனையக்கூடக் காணோம் பொண்ணு. எங்கயோ போயிட்டு ராத்திரிதான் திரும்பி வந்துச்சுங்க." அதை அப்போது யார் காதில் போட்டுக்கொண்டார்கள்?

அதற்குப் பிறகு ஒரு வருடம். அம்மா கடையை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் நீங்கள் சொன்னதை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகியிருக்கும். ஆனால் கோயிலுக்குப் போனால் வேலிக்கு வெளியே நின்றே கும்பிட்டார். தீபாராதனைத் தட்டு வெளியே வந்தால் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு தலையை மட்டும் நீட்டுவார். கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக்கூட அந்தக் கையை அவர் நீட்டவில்லை. அதைப் பார்த்த ஒவ்வொரு தடவையும் எனக்கு உங்கள் மோட்டாரைக் கொளுத்த வேண்டும் என்று இருந்தது. நீங்களோ கொஞ்ச நாளில் வெட்கமில்லாமல் மறுபடியும் மேசைக்கு வந்து பொட்டலம் வாங்கினீர்கள். அம்மா கொடுத்தார். நெத்திலியைத் தாராளமாகவே போட்டார். நானாக இருந்தால் தலையும் குடலுமாகப் போட்டிருப்பேன்.

அடுத்த திருவிழா வந்தது. டின்கள் அக்கா வீட்டுக்குப் போயின, பூனைகளும் போயின. சாம்பாருக்கு வேறு பெண்களைப் போட்டீர்கள். நானும் அம்மாவும் வீட்டில் இருந்தோம். உச்சிவேளையில் அக்கா வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"ஏய் பொண்ணு, என் வாசல்ல ஒரு பூனைகூட இல்ல. போன வருசமும் இதே நேரத்துலதான் காணாம போச்சுங்க. அலமாரி நெறைய நெத்திலி இருக்கு, அத விட்டுட்டு எங்க போவுதுங்க?"

அம்மா நிமிர்ந்து பார்த்தார். "எந்தப் பக்கம் போச்சு?"

"கோயில் பக்கந்தான். வாலத் தூக்கிக்கிட்டு ஊர்வலமா போவுதுங்க. சாமி தூக்கறவங்களே அப்படி வரிசையா போனதில்ல."

அம்மா எழுந்து முகம் கழுவினார். நெற்றிக்கு இட்டுக்கொண்டார். ஒரு வருடமாகக் கட்டாத பட்டுச் சேலையை எடுத்துக் கட்டினார். "வா" என்றார். அவ்வளவுதான்.

கோயிலுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில்தான் அடுப்படி. கொட்டகையைச் சுற்றிப் பூனைகள். சாம்பார் அண்டா பக்கம் போகப் பார்க்கிற பூனைகளைப் பெண்கள் தென்னை மட்டையால் விரட்டிக்கொண்டிருந்தார்கள். பந்தி இன்னும் ஆரம்பிக்கவில்லை. இலை முன்னால் உட்கார்ந்திருந்த சனம் மூக்கைச் சுளித்து முணுமுணுத்தது. அதே வாடை. நீங்கள் மைக்கைப் பிடித்துவிட்டீர்கள்.

"இந்த வருசமும் யாரோ அசுத்தமான கையோட அடுப்படிக்குள்ள பூந்துருக்காங்க" என்று ஆரம்பித்தவர், எங்களைப் பார்த்ததும், "அந்தா, நான் சொல்லல? நீ எப்ப உள்ள வந்த?" என்றீர்கள்.

"இப்பதாங்கய்யா வாறேன். சாம்பாரு எப்ப கொதிச்சுச்சு?" என்றார் அம்மா.

யாரோ ஒரு பெண் சிரித்தாள். "அந்தம்மா வீட்டுலதான் இருந்துச்சு. வர்ற வழியில நான் பாத்துட்டுத்தான் வந்தேன்" என்றாள்.

நான் உங்களிடம் பேசவில்லை. அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்த உங்கள் மச்சானிடம் போனேன். நல்ல மனுசன். வருடம் முழுக்கச் சளி, மூக்கு முகத்துக்கு அழகாக மட்டும்தான் இருந்தது.

"மாமா, சாம்பார்ல என்னென்னா போட்டீங்க?"

"என்னாம்மா போடுவாங்க? பருப்பு, கத்திரிக்கா, முருங்கக்கா, புளி. அப்பறம் தலைவரு தூளு."

"என்னா தூளு?"

"ஓட்டல் தூளு லா. தீபாராதனைக்கு எல்லாரும் உள்ள போன நேரத்துல அவரு வந்து அவரு கையாலயே தூவுவாரு. உபயம். போன வருசத்துலருந்து தூவுறாரே."

கொட்டகைப் பெஞ்சில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. பையின்மேல் ஒரு செம்பட்டைப் பூனை ஏறி உட்கார்ந்து நக்கிக்கொண்டிருந்தது. நான் பூனையைத் தள்ளிவிட்டுப் பையை எடுத்தேன். பையில் பெயர் இல்லை, படம் இல்லை. மளிகைக் கடையில் நிறுத்துக் கட்டிக் கொடுக்கும் சரக்கு. வெளிர்மஞ்சள் தூள். காய்ந்த தூளில் உப்பு வாடைதான் வந்தது. சுற்றிலும் சாம்பிராணிப் புகை, யாருக்குத் தெரியும்?

"அத வெய்யி" என்று கத்திக்கொண்டு வந்தீர்கள். "டவுன்ல பெரிய பெரிய ஓட்டல்ல எல்லாம் அதுதான் போடறான். காய்கறித் தூளு அது."

"கடைக்காரன்கிட்ட கேட்டீங்களா?" என்றேன்.

"ஓட்டல்காரன் கடையக் காட்டுனான், வாங்குனேன். இதுல என்னா கேக்கறது?"

"காய்கறித் தூளுன்னா நல்லதாப் போச்சு. வெந்நி ஊத்திப் பாத்துரலாம்" என்றார் அம்மா.

கோயில் மண்ணில் செய்ய வேண்டாம் என்று அவரே சொன்னார். வேலிக்கு வெளியே, தான் ஒரு வருடம் நின்று கும்பிட்ட அதே இடத்தில் ஒரு வாளியை வைக்கச் சொன்னார். பந்தியில் இருந்த சனம் இலையை விட்டுவிட்டு எழுந்து வந்தது. பூசாரியும் வந்தார். நான் தூளை அள்ளிப் போட்டேன். அக்கா கொதிக்கிற தண்ணீரை ஊற்றினார்.

ஒருவரும் குனிய வேண்டியிருக்கவில்லை. ஆவி எழும்பியதும் வாடை முகத்தில் அடித்தது. நெத்திலியை ஒரு சட்டி நிறைய அவித்தால் எப்படி இருக்குமோ அப்படி. நெத்திலியைக் காயவைத்து அரைத்து உப்புச் சேர்த்து விற்கிற தூள் அது. சூப்புக்குப் போடுவது. எங்கள் கண் முன்னாலேயே பூனைகள் கொட்டகையை விட்டுவிட்டு வாளியை நோக்கி வந்தன.

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "நான் வேதக்காரி. ஒங்க சாம்பாரு எப்படி இருந்தாலும் எனக்கு ஒண்ணுதான். ஆனா தோட்டத்து நெத்திலி பூரா என் வீட்டுல கெடக்கு. அதுக்கு மேல இங்க நெத்திலி இருக்குன்னா, கொண்டாந்தவரு வேற."

சனம் உங்களைப் பார்த்தது. அம்மாவும் பார்த்தார்.

"கைய நீட்டுங்க" என்றார்.

நீங்கள் நீட்டவில்லை.

"நான் மோந்து பாக்க மாட்டேன் ஐயா. அந்தப் பழக்கம் எனக்கு இல்ல. நீங்களே மோந்து பாத்துக்கங்க."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டீர்கள். வேர்வையில் விரல்களுக்கு நடுவே அந்தத் தூள் ஒட்டியிருந்தது உங்களுக்கு மறந்துபோயிருக்கும். செம்பட்டைப் பூனைக்கு மறக்கவில்லை. உங்கள் பின்னால் போய், வெள்ளை வேட்டியில் முன்னங்கால் இரண்டையும் ஊன்றி எழுந்து நின்று, உங்கள் விரல்களை நக்க ஆரம்பித்தது. நீங்கள் துள்ளினீர்கள். அன்றைக்கு எழுந்த சிரிப்பைப்போல நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. கமிட்டி ஆட்கள் சிரித்தார்கள். பூசாரி திரும்பி நின்று சிரித்தார். உங்கள் மச்சான் சிரித்துச் சிரித்து இருமினார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு வேலை இருந்தது.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலியைத் தாண்டி உள்ளே போனார். யாரும் தடுக்கவில்லை. அண்டாவைச் செம்பனை அடியில் கொட்டச் சொன்னார். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கச் சொன்னார். பூசாரி உள்ளே போய்த் தீர்த்தம் கொண்டுவந்து அடுப்படியில் தெளித்தார், பிறகு கரண்டியை எடுத்து அம்மா கையில் கொடுத்தார். அந்தக் கையில்தான். சனம் இலை முன்னால் காத்திருந்தது. பிள்ளைகள் பசியில் அழுதன. ஒரு குடும்பம்கூட எழுந்து போகவில்லை. இருந்த பருப்பையும் பூசணிக்காயையும் வைத்து அம்மா சாம்பாரை இறக்கியபோது வெயில் சாய்ந்துவிட்டது. அண்டாவின் அடி தெரியும்வரை வழித்துச் சாப்பிட்டார்கள். பூனைகள் ஒவ்வொன்றாக அக்கா வீட்டுக்குத் திரும்பிப் போயின. இந்தச் சாம்பாரில் அவற்றுக்கு ஒன்றும் இல்லை.

அம்மா தீபாராதனைத் தட்டில் கையை நீட்டிக் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இரண்டு கையையும்.

அதன் பிறகு திருவிழா அடுப்படி அம்மாவுடையது. சமைக்கிறவர்களைத் தவிர வேறு யாரும், தலைவரே ஆனாலும், அண்டா பக்கம் வரக் கூடாது என்று அவர் சொன்னார், கமிட்டி தலையாட்டியது. மேசையில் வியாபாரமும் கூடியது. "பூனை அக்கா நாசி லெமாக்" என்று அம்மாவின் பொட்டலத்துக்குத் தொழிற்சாலைப் பெண்கள் பெயரே வைத்தார்கள். இன்றைக்கு ஜாசின் பசாரில் அம்மாவுக்குக் கடை இருக்கிறது. இப்போதும் ஒவ்வொரு நெத்திலியாகத் தலை கிள்ளுகிறார். கையில் வாடை இருக்கிறது. அதை இப்போது எலுமிச்சையால் தேய்ப்பதில்லை.

ஆக, ஜெயித்தது யார் என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒன்று பாக்கி இருக்கிறது. அன்றைக்கு வாளி ஆறுவதற்குள் சனம் உங்களைக் கேட்டது: "போன வருசம் மைக்குல சொன்னீங்களே, இப்ப மைக்குல சொல்லுங்க." நீங்கள் மைக்கைத் தட்டிப் பார்த்தீர்கள். "மைக் கெட்டுப்போச்சு" என்றீர்கள். அதே மைக்கில் அன்று மாலை பக்திப் பாட்டுப் போட்டீர்கள். அடுத்த திருவிழாவிலும் பேசினீர்கள், அதற்கடுத்ததிலும் பேசினீர்கள். இந்த ஒன்றை மட்டும் பேசவில்லை. பேசாமல் விட்டதால்தான் இத்தனை காலம் கழித்து, விவரம் தெரியாத கல்யாணக் கூட்டத்தில் அதை உங்கள் இஷ்டத்துக்குத் திருப்பிச் சொல்ல உங்களுக்கு வாய் வந்தது.

நீங்கள் இன்னும் கோயிலுக்குத் தலைவர்தான். வருகிற திருவிழாவில் அம்மா முன்வரிசையில் உட்காருவார். அந்த அக்காவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். நானும் இருப்பேன். வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டாம். தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் பேச வேண்டாம். என் அம்மாவின் கையை எந்தக் கூட்டத்துக்கு நடுவில் முகர்ந்தீர்களோ, அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நில்லுங்கள். மைக்கைப் பிடியுங்கள். அம்மன் சாம்பாரில் நெத்திலி போட்டது யார்? பதில் சொல்லுங்கள்.